ஜூன் 4: ஓட்டு ஒரு பக்கம், துட்டு ஒரு பக்கம்

2024 ஜூன் 4, செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டரை மணி. திருப்பூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் கழிவறைக்குள் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன். தெருவில் யாரோ சரவெடி கொளுத்தினார்கள். நாற்பது தொகுதியும் நமக்கே என்று ஒரு ஆட்டோவில் மைக் கத்திக்கொண்டு போனது. என் கைபேசியில் புரோக்கரிடமிருந்து வந்த குறுஞ்செய்தி, மார்ஜின் பற்றாக்குறையால் உங்கள் பொசிஷன்கள் முடிக்கப்பட்டன என்று சொன்னது. அதாவது ஈடாகக் காட்ட வேண்டிய பணம் போதாததால் என் பந்தயங்களை அவர்களே மூடிவிட்டார்கள். ஊரே கொண்டாடிய அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு முக்கால் வாசி சேதாரம் நடந்து முடிந்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த முடிவு வரவேண்டும் என்றுதான் ஏப்ரல் 19 அன்று வெயிலில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டிருந்தேன். பணத்தை மட்டும் எதிர்ப்பக்கம் கட்டியிருந்தேன்.

இதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. தேர்தல் முடிவை வைத்துப் பங்குச்சந்தையில் இறங்க நினைக்கும் யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். அடுத்த தேர்தல் எப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறது.

முதலில் என்னைப் பற்றி. நான் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறேன், சம்பளம் 38,000. கொரோனா ஊரடங்கில் எல்லோரையும் போல நானும் டீமேட் கணக்குத் திறந்தேன். இரண்டு வருடம் ஒழுங்காகப் பங்குகளை வாங்கிச் சேர்த்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்புறம் ஒரு ஆபீஸ் நண்பர் ஆப்ஷன் விற்பதைச் சொல்லிக் கொடுத்தார். பங்குச்சந்தைக் குறியீடான நிஃப்டி இந்த அளவுக்குக் கீழே போகாது என்று நினைக்கும் இடத்தில் புட் ஆப்ஷனை (அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை நான் கட்டுகிறேன் என்ற ஒப்பந்தம்) விற்பது, அதற்கான விலையான ப்ரீமியத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது, அப்போது வியாழக்கிழமைகளில் வந்த எக்ஸ்பைரி, அதாவது ஒப்பந்தம் முடியும் நாள், வரும்வரை சும்மா இருப்பது. வீட்டை வாடகைக்கு விட்டதுபோல வாராவாரம் ஆயிரம், இரண்டாயிரம் வந்தது. கையிலிருந்த பங்குகளை ப்ளெட்ஜ் செய்தால், அதாவது புரோக்கரிடம் அடகு வைத்தால், அதையே மார்ஜினாகக் காட்டலாம். பங்கும் நம்முடையது, வாடகையும் வருகிறது. ஒன்றரை வருடத்தில் அறுபதாயிரம் சொச்சம் சேர்ந்தது. அந்த அறுபதாயிரம்தான் என்னைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது. முதல் மாதமே நஷ்டம் வந்திருந்தால் பிழைத்திருப்பேன்.

ஜூன் 1, சனிக்கிழமை. ஏழாம் கட்ட வாக்குப்பதிவு முடிந்து மாலை ஆறரை மணிக்கு எக்ஸிட் போல்கள், அதாவது ஓட்டுப் போட்டவர்களிடம் கேட்டுச் சொல்லும் கணிப்புகள், வர ஆரம்பித்தன. ஒரு நிறுவனம் மத்தியில் ஆளும் பா.ஜ.க. கூட்டணிக்கு 361 முதல் 401 இடம் வரை என்றது. இன்னொன்று நேராக 400 என்றது. பெரும்பாலானவை 350-க்கு மேல். நானூறைத் தாண்டுவோம் என்ற கோஷத்தை மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்ததால் அந்த எண் காதுக்குப் புதிதாக இல்லை. எங்கள் வீட்டில் அப்பா, "இவனுக எப்பவும் இப்படித்தான்" என்று டிவியை அணைத்துவிட்டார். நான் உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்தேன்.

திங்கட்கிழமை காலை சந்தை எகிறித் திறந்தது. வெள்ளிக்கிழமை 22,530-ல் இருந்த நிஃப்டி, ஒரே நாளில் 733 புள்ளி ஏறி 23,263-ல் முடிந்தது. சென்செக்ஸ் 2,500 புள்ளிக்கு மேல் ஏறியது. ஆபீஸில் நண்பர் வெள்ளிக்கிழமையே வாங்கி வைத்திருந்ததைக் காட்டிச் சிரித்தார். பக்கத்து இலையில் பாயசம் விழுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மதியம் இரண்டு மணிக்கு இரண்டு காரியம் செய்தேன். ஜூன் 6 எக்ஸ்பைரி, 22,500 புட், நான்கு லாட் விற்றேன். லாட் என்பது ஆப்ஷனை மொத்தமாக விற்கும் கட்டு, அப்போது ஒரு லாட் 25. ஒன்றுக்கு 82 ரூபாய் வீதம் மொத்தம் 8,200 கையில் வந்தது. கூடவே, ஏறிக்கொண்டிருந்த ஒரு அரசு நிறுவனப் பங்கை எம்.டி.எஃப். முறையில் மூன்று லட்சத்துக்கு வாங்கினேன். அதில் ஒரு லட்சம் நம் பணம், மீதி புரோக்கர் தரும் வட்டிக்கடன். அந்த ஒரு லட்சம், மே மாதம் மனைவி பெயரில் எடுத்த ஏலச்சீட்டுப் பணம். பெண்ணின் பள்ளிக்கட்டணத்துக்கும் மொட்டைமாடி ஒழுகலுக்கும் வைத்திருந்தது. பள்ளி ஜூன் 10-ல்தான் திறக்கிறது, அதற்குள் எடுத்து வைத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் என் முதல் தவறு இங்கேதான். எக்ஸிட் போல் தப்பாகலாம் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். எவ்வளவு தப்பாகலாம் என்பதைத்தான் யோசிக்கவில்லை. நம் தேர்தல் முறையில் ஓட்டு கொஞ்சம் நகர்ந்தால் சீட்டு மலைபோல நகரும். 2019-ல் பா.ஜ.க. வாங்கியது 37.4 சதவீதம், 303 இடம். 2024-ல் 36.6 சதவீதம், 240 இடம். ஒரு சதவீதம்கூடக் குறையாத ஓட்டுக்கு 63 இடம் போயிருக்கிறது. ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறவர்களிடம் வாசலில் கேட்டு ஓட்டு சதவீதத்தைக் கிட்டத்தட்டச் சரியாகப் பிடித்தாலும், அதை இடங்களாக மாற்றும்போது வண்டி பள்ளத்தில் இறங்கிவிடும். அதிலும் பத்து நிறுவனம் ஒரே மாதிரி சொன்னால் பத்து சாட்சி என்று நினைத்துவிடுகிறோம். பத்தும் ஒரே திசையில் தவறலாம். இன்னொன்று, திங்கட்கிழமை சந்தை அந்த நல்ல செய்தியை முழுக்க விலையில் ஏற்றிவிட்டது. 400 வந்தால் மேலே போக மிச்சம் கொஞ்சம்தான். வராவிட்டால் கீழே போக எவ்வளவோ இருந்தது. 8,200 ரூபாய்க்காக நான் எடுத்துக்கொண்டது அந்த எவ்வளவோவை.

அன்று இரவு தூங்கினேனா என்றால், நன்றாகவே தூங்கினேன். அதுதான் பயமாக இருக்கிறது.

செவ்வாய் காலை எட்டு மணிக்குத் தபால் ஓட்டு எண்ண ஆரம்பித்தார்கள். அப்பா தமிழ்ச் சேனல் ஒன்றை வைத்துவிட்டு முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஆரம்பத்தில் ஆளும் கூட்டணி வேகமாக முன்னிலை எடுத்தது, நானும் நிம்மதியாக இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன். ஒன்பதேகாலுக்குச் சந்தை திறந்தபோது நிஃப்டி கொஞ்சம்தான் கீழே. பிறகு உத்தரப் பிரதேச எண்கள் வர ஆரம்பித்தன. முதல் சுற்றுகளில் வாரணாசியில் பிரதமரே பின்தங்குகிறார் என்று திரையில் ஓடியது. அப்பா தொடையைத் தட்டி, "பாத்தியா கண்ணு" என்றார். நான் கைபேசியைப் பார்த்தேன். 82-க்கு விற்ற புட் 170. நான் தலையாட்டிச் சிரித்தேன். சிரித்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது.

ஸ்டாப் லாஸ், அதாவது விலை ஒரு அளவைத் தொட்டதும் விற்றதைத் தானாகத் திரும்ப வாங்கி நஷ்டத்தை நிறுத்தும் ஆர்டர், போடவில்லையா என்று கேட்பீர்கள். போட்டேன். ஆனால் அதில் ஒரு சூட்சுமம் உண்டு, அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. 2021 செப்டம்பரிலிருந்து தேசியப் பங்குச்சந்தையில் ஆப்ஷனுக்கு மார்க்கெட் விலையில் ஸ்டாப் லாஸ் போட முடியாது. ட்ரிக்கர் விலை ஒன்று, அதற்கு மேல் அதிகபட்சம் கொடுக்கத் தயாரான விலை ஒன்று, இரண்டும் சொல்ல வேண்டும். நான் ட்ரிக்கர் 200, அதிகபட்சம் 210 என்று போட்டிருந்தேன். சாதாரண நாளில் பத்து ரூபாய் இடைவெளி தாராளம். அன்றைக்கு விலை 200-ஐத் தொட்டதும் ஆர்டர் விழித்தது, ஆனால் 210-க்கு விற்க ஆள் இல்லை. அடுத்த விலை அதற்கு மேலே, அதற்கடுத்தது இன்னும் மேலே. பஸ் நிற்காமல் போன பிறகு நிறுத்தத்தில் கைகாட்டிக்கொண்டு நிற்பவன்போல என் ஆர்டர் நின்றது. ஸ்டாப் லாஸ் இருக்கிறது என்ற தைரியத்தில் நான் திரையைப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டேன். போய்ப் பார்த்தால் புட் 400-ஐத் தாண்டியிருந்தது.

அங்கேயே முடித்திருந்தால் முப்பதாயிரத்துச் சொச்சத்தோடு போயிருக்கும். முடிக்கப் பார்த்தேன். செயலி சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே வந்து மறுபடி நுழைந்தால் கடவுச்சொல் கேட்டது, ஓ.டி.பி. வரவில்லை. அன்று பல புரோக்கர்களின் செயலிகள் தடுமாறியதாக அப்புறம் படித்தேன். என் புரோக்கருக்கு ஃபோன் மூலம் ஆர்டர் கொடுக்க ஒரு எண் உண்டு. அந்த எண் என்னிடம் இல்லை, தேடியெடுக்க வேண்டிய செயலிக்குள் நுழைய முடியவில்லை. இருபது நிமிடம் கழித்து உள்ளே போனபோது 600. இந்த நேரத்தில் மனசு ஒரு வேலை செய்யும். "இவ்வளவு விழுந்தாச்சு, இனி ஏறும்" என்று சொல்லும். முதலில் முடிக்க முடியவில்லை, அப்புறம் முடிக்க மனசு வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் செயலியைத் திட்டுவது வசதியாக இருந்தது. உண்மையில் இரண்டாவது அரைமணி நேரத் தாமதம் முழுக்க என்னுடையது.

பிறகு மார்ஜின். அடகு வைத்த பங்குகளின் மதிப்பு, கழிவு போக, திங்கட்கிழமை 2 லட்சத்து 60 ஆயிரம். ரொக்கம் 30,000. நான்கு லாட்டுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் சந்தை விழும்போது மூன்று காரியம் ஒரே நேரத்தில் நடக்கிறது. விற்ற புட்டின் நஷ்டம் ஏறுகிறது. அடகு வைத்த பங்குகளின் மதிப்பு இறங்குகிறது. ஏற்ற இறக்கம் கூடியதால் அதே நான்கு லாட்டுக்குக் கேட்கப்படும் மார்ஜினும் கூடுகிறது. அதாவது குடை, சட்டை, கூரை மூன்றும் ஒரே காற்றில் பறக்கிறது. பயத்தின் அளவுகோல் என்று சொல்லப்படும் இந்தியா விக்ஸ் அன்று நடுவில் 30-ஐத் தாண்டியது. மறுநாளே 19-க்குக் கீழே வந்துவிட்டது, ஆனால் மறுநாள் வரை நான் தாங்க வேண்டுமே. முதல் எச்சரிக்கைக் குறுஞ்செய்தி வந்ததும் எம்.டி.எஃப்.-ல் வாங்கிய அரசு நிறுவனப் பங்கை 21 சதவீத நஷ்டத்தில் விற்றேன். 63,000 ரூபாய் போனது. அதுவும் போதவில்லை. பன்னிரண்டேகால் மணிவாக்கில் நிஃப்டி 21,281 வரை போனது. அன்றைய அடிமட்டம் அதுதான். அதை ஒட்டித்தான் புரோக்கரின் கம்ப்யூட்டர் என் நான்கு லாட்டையும் சராசரி 1,046 ரூபாய்க்கு வாங்கி முடித்தது. 82-க்கு விற்றதை 1,046-க்கு வாங்கினால் 96,400 ரூபாய். வட்டி, அபராதம், தரகு என்று இன்னும் 2,600. மொத்தம் 1 லட்சத்து 62 ஆயிரம். என்னுடைய நான்கு மாதச் சம்பளத்துக்கும் மேலே.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அடகு வைத்த பங்கு மார்ஜினுக்குத்தான் ஆகும், நஷ்டத்தை அதால் கட்ட முடியாது. நஷ்டம் என்றால் ரொக்கம்தான். என் 30,000 ரொக்கம் போய், சீட்டுப்பணம் ஒரு லட்சம் போய், கணக்கு 32,000 ரூபாய் மைனஸில் நின்றது. அதற்கு அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

கழிவறையிலிருந்து வெளியே வந்தேன். தையல் பகுதியில் மெஷின்கள் பாதி நின்றிருந்தன, உணவு இடைவேளை. எங்கள் கம்பெனியில் பாதிப்பேர் பீகார், உத்தரப் பிரதேசம், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். ஒரு கைபேசியைச் சுற்றிப் பத்துப்பேர். ஓவர்லாக் தையல் மெஷினில் இருக்கும் ஒரு பையனுக்கு ஊர் ஃபைசாபாத் பக்கம். "அண்ணா, அயோத்தி போச்சு அண்ணா" என்றான். கோயில் திறந்து ஐந்து மாதம்கூட ஆகாத இடத்தில், அயோத்தி அடங்கிய ஃபைசாபாத் தொகுதியில் சமாஜ்வாதி முன்னிலையில் இருந்தது. கடைசியில் ஜெயித்தது. அவன் அதைச் சந்தோஷமாகச் சொன்னானா வருத்தமாகச் சொன்னானா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவனுக்கும் பிடிபடவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவன் ஊர் செய்தியில் வந்துவிட்டது, அது அவனுக்குப் பெரிசாக இருந்தது. பீகார்க்காரர்கள் பன்னிரண்டு எம்.பி.யை வைத்துக்கொண்டு நிதிஷ்குமார் இனி என்ன கேட்பார் என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். செக்கிங்கில் இருக்கும் அக்கா ஒருவர் விருதுநகரைப் பற்றிக் கேட்டார், அங்கே முன்னிலை மாறி மாறி இழுத்துக்கொண்டிருந்தது. "என்னங்ணா, மொகமே செரியில்ல?" என்று ஒரு டெய்லர் கேட்டார். வயிறு சரியில்லை என்றேன்.

சாயங்காலம் பேக்கரியில் டீ குடிக்க நின்றேன். ஜெயித்தவர்கள் தோற்றவர்கள்போலப் பேசினார்கள், தோற்றவர்கள் ஜெயித்ததுபோலப் பேசினார்கள். 240 எடுத்துத் தனிப்பெரும் கட்சியாக வந்தவர்கள் முகம் வாடியிருக்க, 99 எடுத்தவர்கள் ஸ்வீட் கொடுத்தார்கள். ஆளும் கூட்டணிக்கு 293 என்பதால் ஆட்சி மாறப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் ஏதோ மாறிவிட்டது என்று எல்லோருக்கும் தோன்றியது. எக்ஸிட் போல் நிறுவனம் ஒன்றின் தலைவர் நேரலையில் அழுததை ஒருவர் கைபேசியில் காட்டினார். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிக்க முடியவில்லை. அவர்மேல் கோபமாக இருந்திருக்க வேண்டும், ஆனால் அந்தக் கடையில் அவருடைய நிலைமை புரிந்த ஒரே ஆள் நான்தான் என்று பட்டது. அவர் நாட்டின் முன்னால் அழ முடிந்தது, நான் பேக்கரியில் தேங்காய் பன் சாப்பிட்டுக்கொண்டு நின்றேன்.

வீட்டில் அம்மா கேசரி கிண்டியிருந்தார். திருப்பூரில் கதிர் அரிவாள் லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்ததை அப்பா நாலாவது தடவையாகச் சொன்னார். எல்லாம் நான் விரும்பிய முடிவுகள். ஒன்றுகூட எனக்குள் இறங்கவில்லை. ஒரு தேர்தல் முடிவைக் கேட்டு ஒரு மனிதனுக்கு வரவேண்டிய சாதாரண சந்தோஷமோ வருத்தமோ எதுவும் இல்லாமல், திரையில் கூட்டணிக் கணக்கு ஏறினால் நிஃப்டி ஏறுமா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பணம் போனதைவிட இதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அடுத்த மூன்று நாள் இன்னொரு விதமான கொடுமை. செவ்வாய் 21,884-ல் முடிந்த நிஃப்டி, கூட்டணிக் கட்சிகள் ஆதரவைச் சொன்னதும் புதன்கிழமை 735 புள்ளி ஏறியது. வியாழக்கிழமை 22,821-ல் முடிந்தது. நான் விற்ற 22,500 புட் அன்றுதான் எக்ஸ்பைரி. 22,500-க்கு மேலே முடிந்ததால் அந்தப் புட்டின் மதிப்பு பூஜ்யம். அதாவது நான் நினைத்தது சரியாகிவிட்டது. தாங்கி நின்றிருந்தால் 8,200-ம் எனக்கே. வெள்ளிக்கிழமை நிஃப்டி 23,290, எக்ஸிட் போல் நாளைவிட மேலே. நான் ஒருவன்தான் செவ்வாய்க்கிழமை மதியத்திலேயே நின்றுவிட்டேன். ஆபீஸ் நண்பர், "கொஞ்சம் பொறுத்திருக்கலாமே" என்றார். அந்த வார்த்தைக்காக அவரோடு ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. பொறுக்கிற முடிவு என் கையில் இல்லை என்பதுதான் விஷயம். கணிப்பு சரியா தப்பா என்பதற்கு முன்னால், அது சரியாகும்வரை உயிரோடு இருக்க முடியுமா என்ற கேள்வி இருக்கிறது. நான்கு லாட் இல்லாமல் ஒரு லாட் விற்று, அடகுக்குப் பதில் ரொக்கம் வைத்திருந்தால் என்னை யாரும் வெளியே தள்ளியிருக்க மாட்டார்கள். அல்லது 22,500-ஐ விற்ற கையோடு இன்னும் கீழே, 22,000 புட்டை வாங்கியிருந்தால், என்ன ஆனாலும் நஷ்டம் லாட்டுக்கு 12,500-க்குள் அடங்கியிருக்கும். அந்தப் பாதுகாப்புக்கு ப்ரீமியத்தில் பாதிக்கு மேல் போகுமே என்று கஞ்சத்தனம் பட்டேன்.

கோயம்புத்தூரில் இருக்கும் சித்தப்பாவிடம்தான் முதலில் சொன்னேன். அவர் ஷேர் சர்டிஃபிகேட் காகிதமாக இருந்த காலத்திலிருந்து இதில் இருப்பவர். திட்டுவார் என்று நினைத்தேன். "2004-ல உனக்கென்ன வயசு?" என்றார். அந்த வருடம் வாஜ்பாய் அரசு திரும்ப வரும் என்று எல்லோரும் நம்பியிருக்க, மே 13 அன்று முடிவு தலைகீழாக வந்தது. மே 17 திங்கட்கிழமை சென்செக்ஸ் நடுவில் 842 புள்ளி விழுந்து, வர்த்தகத்தை இரண்டு முறை நிறுத்தினார்கள். முடிவில் 11 சதவீதம் நஷ்டம். 2009-ல் அதற்கு நேர் எதிர். இடதுசாரிகள் தயவில்லாமல் மன்மோகன் சிங் அரசு திரும்ப வந்ததும், மே 18 அன்று சந்தை திறந்த சில நொடிகளிலேயே, ஏற்றம் மிஞ்சினால் வர்த்தகத்தை நிறுத்தும் வரம்பான மேல் சர்க்யூட்டைத் தொட்டு, அன்று 17 சதவீதம் ஏறியது. அன்று கால் ஆப்ஷன் (புட்டுக்கு எதிர், சந்தை இதற்கு மேலே போகாது என்ற பந்தயம்) விற்றவன் கதியும் என் கதிதான். "எலக்சன் ரிசல்ட் அன்னைக்கு ரெண்டு பக்கமும் அடிக்கும் சாமி, நீ நடுவுல நின்னு வாடகை வசூல் பண்ணப் போனியா?" என்றார். 2024-ல் சந்தை நிற்கவும் இல்லை. குறியீடு 10 சதவீதம் விழுந்தால்தான் நிறுத்துவார்கள், அன்றைய அடிமட்டம் எட்டரை சதவீதம். மூச்சு விட இடைவேளைகூடக் கிடைக்கவில்லை.

மனைவியிடம் சொன்னது ஞாயிற்றுக்கிழமை, ஜூன் 9. டிவியில் பதவியேற்பு ஓடிக்கொண்டிருந்தது, மறுநாள் பள்ளி திறப்பு. கட்டணம் கட்டிய ரசீது எங்கே என்று கேட்டாள், இனி மறைக்க இடம் இல்லை. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "செவ்வாக்கிழமையே சொல்லியிருந்தா அஞ்சு நாள் ரெண்டு பேருமா கவலப்பட்டிருக்கலாம்" என்றாள். என் மோதிரத்தையும் அவளுடைய ஒரு வளையலையும் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்துக் கட்டணத்தைக் கட்டி, புரோக்கர் மைனஸையும் அடைத்தோம். மொட்டைமாடி அந்த ஐப்பசி மழைக்கும் ஒழுகியது. சீட்டுத் தவணை இன்னும் மாதாமாதம் போகிறது. நஷ்டத்தை மறைத்த ஐந்து நாளில் கடன் ஆப் ஒன்றில் இரண்டு முறை விண்ணப்பத்தைப் பாதிவரை நிரப்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விட்டதைப் பிடிக்க இன்னொரு லட்சம். அனுப்பும் பொத்தானை அழுத்தாததற்குக் காரணம் புத்தி அல்ல, பான் கார்டு படம் சரியாக ஏறவில்லை. நஷ்டம் வந்த அன்றே வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

ஒரு சின்ன ஆறுதல் வரிப் பக்கம் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. ஆப்ஷன் நஷ்டம் வருமான வரியில் வியாபார நஷ்டம். சம்பளத்தில் கழிக்க முடியாது, ஆனால் எட்டு வருடம் வரை அடுத்த வியாபார லாபத்தில் கழிக்க முன்னெடுத்துச் செல்லலாம். அதற்கு ஐ.டி.ஆர். 3 படிவத்தில், கெடு தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். சம்பளக்காரர்கள் வழக்கம்போல ஐ.டி.ஆர். 1 போட்டுவிட்டால் அந்த உரிமை போச்சு. எனக்கு இனி ஆப்ஷன் லாபம் வரப்போவதில்லை, இருந்தாலும் ஆடிட்டரிடம் கொடுத்து ஒழுங்காகப் போட்டேன். 1,500 ரூபாய் ஆனது.

2024 செப்டம்பரில் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு ஒரு ஆய்வை வெளியிட்டது. மூன்று நிதியாண்டுகளில் இந்த வகை வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள், மொத்தம் 1.81 லட்சம் கோடி ரூபாய். படித்தபோது தனி ஆள் இல்லை என்று ஒரு நிம்மதி வந்தது, உடனே அது வெட்கமாகவும் இருந்தது. அப்புறம் லாட் அளவை 75 ஆக்கினார்கள், வார எக்ஸ்பைரிகளைக் குறைத்தார்கள். என்னைப் போன்றவர்களை உள்ளே விடாமல் வாசலை உயர்த்துவதுதான் நோக்கம். நியாயம்தான்.

இப்போது என்னிடம் பங்குகள் மட்டும் இருக்கின்றன. அடகிலிருந்து எடுத்துவிட்டேன். ஃபோனில் ஆர்டர் கொடுக்கும் எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி பர்ஸில் வைத்திருக்கிறேன், தேவைப்படாது என்றாலும். தேர்தல் முடிவு, பட்ஜெட் மாதிரி நாட்களுக்கு முந்தின நாள் கணக்கைத் திறந்து புதிதாக எதுவும் செய்வதில்லை. ஆப்ஷன் வசதியையே கணக்கில் முடக்கி வைக்க முடியும், செய்துவிட்டேன். திரும்பத் திறப்பதும் சுலபம்தான், அதனால் அதைப் பெரிய பூட்டு என்று சொல்ல மாட்டேன்.

அக்டோபர் 8-ம் தேதி ஹரியானா முடிவு வந்தது. எக்ஸிட் போல்கள் காங்கிரஸ் என்று சொல்லியிருந்தன. காலையில் காங்கிரஸ் அலுவலகத்தில் மேளம் அடித்தார்கள், மதியம் பா.ஜ.க. 48 இடத்தோடு ஜெயித்தது. கம்பெனியில் அந்த ஓவர்லாக் பையன் ஓடி வந்து, "அண்ணா, இந்தத் தடவையும் மாத்திட்டாங்க" என்றான். நான் டீ டம்ளரோடு அவன் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, யார் யார் எங்கே தோற்றார்கள் என்று அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று நிஃப்டி எங்கே முடிந்தது என்று எனக்குத் தெரியாது.